பழுப்பு நிலக்கரியும் பவளத் தீவுகளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பசிபிக் பெருங்கடலில் மைக்ரோனேசியா என்றொரு நாடு உண்டு. அறுநூறுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளால் ஆனது அது. உலகப் படத்தில் தேடினால் தூவிவிட்ட புள்ளிகளாகத்தான் கண்ணுக்குத் தெரியும். மக்கள்தொகையோ நம் புதுச்சேரி மாநிலத்தின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்நாட்டு அரசு 2009-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒரு கடிதம் எழுதியது. உலகின் மறுபக்கத்தில், ஐரோப்பாவின் நடுவில், கடலே இல்லாத செக் குடியரசுக்கு எழுதிய கடிதம் அது.

"உங்கள் நாட்டில் புருனேரோவ் என்னுமிடத்தில் உள்ள பழைய அனல்மின் நிலையத்தைப் புதுப்பித்து, மேலும் பல ஆண்டுகள் ஓட்டப் போவதாக அறிகிறோம். அதன் புகையால் எங்கள் தீவுகளுக்கு நேரும் கேட்டையும் உங்கள் சுற்றுச்சூழல் ஆய்வில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்" என்பதே அக்கடிதத்தின் கருத்து. அந்த மின்நிலையத்தின் உரிமையாளர் ஒரு தனிப்பட்ட முதலாளி அல்லர். நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு செக் அரசினுடையது. ஆகவே ஒரு நாட்டு மக்களின் பொதுப்பணத்தை நோக்கி இன்னொரு நாட்டு மக்கள் எழுப்பிய கேள்வி அது. நிலக்கரித் திட்டம் ஒன்றை எதிர்த்து இவ்வளவு தொலைவிலிருந்து ஒரு தீவு நாடு முறைப்படி எழுந்து நின்றது அதுவே முதன்முறை என்பார்கள்.

கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் செக் நாட்டில் அது வேடிக்கையாக முடியவில்லை. வெளிநாட்டு வல்லுநர்களைக் கொண்டு திட்டத்தை மறு ஆய்வு செய்தார்கள். அந்தச் சிக்கலிலேயே 2010 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சர் பதவி விலகினார். இறுதியில் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கூடுதலாக வெளிவரும் வாயுவை ஈடுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு கிடைத்தது. தீவினர் வென்றார்கள் என்று சொல்வதற்கில்லை.

இந்தச் செய்தியைப் படித்தபோது என் மனத்தில் தைத்தது வேறொன்று. புருனேரோவில் எரிவது சாதாரண நிலக்கரி அன்று; பழுப்பு நிலக்கரி. நம் பாகூரிலிருந்து நேர்க்கோட்டில் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் நெய்வேலியில் எரிகிறதே, அதே இனம். அப்படியானால் அந்தக் கடிதம் ஒரு நாள் நம் பக்கமும் வரலாம் அல்லவா? வந்தால் நாம் என்ன மறுமொழி எழுதுவோம்?

நெய்வேலியின் கதை

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்புப் பொருள் ஒன்று வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் தெரிந்தது. 1956-இல் மத்திய அரசு நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகத்தைப் பதிவு செய்தது. 1957 மே திங்களில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் எழுந்தது. 1962-இல் மின்சாரம் வந்தது. மண்ணை வெட்டும் பெருஞ்சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாடு, தன் கையிருப்பையும் கடனையும் கொட்டி எழுப்பிய தொழில் அது. இன்றும் அந்நிறுவனத்தின் பங்குகளில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இந்திய அரசிடமே உள்ளது.

புதுச்சேரிக்கென்று சொந்தமாக உள்ள மின்நிலையம் காரைக்காலில் இருக்கும் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்றே. மற்றபடி நெய்வேலி உள்ளிட்ட மத்திய அரசு நிலையங்களின் பங்குதான் நம் தெருவிளக்கும், கழனி மோட்டாரும், இந்தக் கல்லூரியின் ஆய்வுக்கூடமும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவன் நானே முதல். நான் படித்ததெல்லாம் அந்தப் பழுப்பு நிலக்கரியின் வெளிச்சத்தில்தான். ஆகவே நெய்வேலியைப் பழித்து எழுத எனக்கு வாய் வராது. அதேபோல 2023 ஜூலையில் வளையமாதேவியில் வயலில் நின்ற நெற்பயிரின் மேல் வாய்க்கால் வெட்டும் இயந்திரங்கள் ஓடிய காட்சியை மறக்கவும் மனம் வராது. நெல்லை நட்டு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அது ஒரு செய்திப்படமாகத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் கணக்கில் புதுச்சேரியின் பெயரிலும் பழுப்பு நிலக்கரி இருப்பு காட்டப்பட்டுள்ளது: 41 கோடி டன்னுக்கும் மேல். அது இருக்குமிடம் நம் பாகூர் வட்டாரம். பாகூர் ஏரிப் பாசனத்தில் விளையும் வயல்களின் கீழே அது கிடக்கிறது. 2023 ஏப்ரலில் காவிரிப் படுகையின் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்து, தமிழக முதலமைச்சரின் எதிர்ப்புக்குப் பின் சில நாட்களில் நீக்கப்பட்டதை நினைவில் கொண்டால், பட்டியல் என்பது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது புரியும்.

ஒரு யூனிட்டின் கணக்கு

நெய்வேலியில் எரியும் கரி எப்படிப் பசிபிக் தீவுக்குக் கேடாகும்? இயற்பியலும் வேதியியலும் படிக்கும் நாம் இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி எடை ஈரம். ஒரு கிலோவை எரித்தால் ஏறக்குறைய 2,600 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆனால் கொதிகலன், டர்பைன், மின்னாக்கி ஆகிய மூன்றையும் கடந்து மின்சாரமாக மாறுவது அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, ஒரு கிலோ கரிக்கு ஒரு யூனிட். நம் விடுதி அறையின் மின்விசிறி பதின்மூன்று மணி நேரம் சுழன்றால் ஒரு கிலோ கரி தீர்ந்தது என்று வைத்துக் கொள்ளலாம்.

அந்த ஒரு கிலோவில் கார்பன் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து 44 கிராம் கரியமில வாயு ஆகும் என்பது பள்ளிப் பாடம். அப்படியானால் 300 கிராமிலிருந்து 1,100 கிராம். எரித்தது ஒரு கிலோ; வெளிவந்த வாயு அதைவிட அதிகம்! முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ பிழை செய்துவிட்டேன் என்றே எண்ணினேன். பிழையில்லை. காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜனின் எடை அது. 500 மெகாவாட் பொறி ஒன்று ஒரு மணி நேரம் முழுமையாக ஓடினால் ஐந்து இலட்சம் யூனிட். அதாவது ஐந்நூறு டன்னுக்கு மேல் கரியமில வாயு.

சாம்பல் விழுந்தால் ஊர் அருகே விழும். கந்தகப் புகையும் சில நாளில் மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயு அப்படியன்று. ஓராண்டளவில் அது பூமி முழுவதும் கலந்துவிடும். அதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கும். நெய்வேலி வாயு, புருனேரோவ் வாயு என்று பிரித்தறிய முடியாது. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து இலட்சத்துக்கு 315 பங்கு இருந்த இவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. இந்த அளவை உலகுக்குச் சொல்லிக் கொண்டிருப்பதும் ஒரு தீவுதான்.

இவ்வாயு வெப்பத்தைத் தடுத்து வைப்பதால் கடல்நீர் சூடேறி விரிகிறது. நிலத்தின் மேலுள்ள பனிப்பாறைகள் உருகிக் கடலில் சேர்கின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. ஒரு சாண் அளவு. கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் உயர்ந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர்.

கிணற்றில் புகும் கடல்

ஒரு சாண்தானே என்று கேட்கத் தோன்றும். மாலத்தீவில் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிலம் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதது. 2009 அக்டோபர் 17-ஆம் நாள் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் முகமது நஷீத் தம் அமைச்சர்களோடு கடலுக்கடியில் மூச்சுக் கருவி அணிந்து அமைச்சரவைக் கூட்டம் நடத்தியதை நம் பத்திரிகைகளும் படம் போட்டு வெளியிட்டன. ஆனால் தீவு முழுகுவது கடைசியில் நடக்கும் காரியம். அதற்கு வெகு முன்பே தண்ணீர் கெட்டுவிடும்.

பவளத் தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே பரவியுள்ள உப்புநீரின் மேல் மிதந்து கொண்டிருக்கும். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீருக்கு 1.025. இந்தச் சிறு வேறுபாட்டால், நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் கண்ட விதி இது. தலைகீழாகவும் இவ்விதி உண்மை. மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே நாற்பது சாண் உப்புநீர் ஏறும். கடல் உயர்ந்தாலும் இதே நிலைதான். உயரும் கடலுக்கு ஈடாக நன்னீரும் மேலெழ, தாழ்வான அத்தீவில் இடமில்லை. துவாலு நாட்டு மக்கள் நிலத்தில் குழி வெட்டி, அதன் ஈரத்தில் புலக்கா என்னும் சேம்பு இனக் கிழங்கைப் பயிரிடுவது வழக்கம். அக்குழிகளில் உப்பு ஊறிப் பயிர் அழுகத் தொடங்கியது. ஊர் நீரில் ஆழ்வதற்கு முன்பே உணவும் குடிநீரும் போய்விட்டால் மக்கள் எங்ஙனம் இருப்பார்கள்? 2023 நவம்பரில் ஆஸ்திரேலியா துவாலுவோடு ஓர் ஒப்பந்தம் செய்தது; ஆண்டுக்கு 280 பேருக்குக் குடியேற இடம். 2025-இல் முதல் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தவர்கள் அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல்.

நம் மூர்த்திக்குப்பம், மணப்பட்டுப் பக்கத்தவர்களுக்கு இந்த விதியை விளக்க வேண்டியதில்லை. கடலோரத்தில் போர் நீர் உவர்ப்பாவது எப்படியென்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கு முதற்காரணம் மழை ஊட்டுவதைவிட மிகுதியாக நாம் இறைப்பதுதான். அதை மறைத்து எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடுவது நேர்மையாகாது. நெய்வேலியிலும் சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் மேலே பாய்ந்துவிடாதபடி இரவு பகலாக இறைத்துக் கொண்டே இருக்கிறார்கள்.

தமிழகத்துக்கும் தீவுகள் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று புத்தகத்தில் படித்தோம். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு இன்று நீருக்குள். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு சுருங்கிச் சுருங்கி, அதைக் காக்க 2015 முதல் செயற்கைப் பவளப் பாறைகளைக் கடலில் இறக்கி வருகிறார்கள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததே இங்கு பெருங்காரணம். உயரும் கடல் அதற்குத் துணை. அந்த வான் தீவைப் பார்த்தபடி தூத்துக்குடிக் கரையில் நிற்கிறது நெய்வேலிக் கழகமும் தமிழ்நாடு மின்வாரியத்தின் நிறுவனமும் கூட்டாகக் கட்டி 2015-இல் ஓடத் தொடங்கிய 1,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம்.

யாருடைய பணம்?

அரசு ஒரு நிலக்கரித் திட்டத்துக்குப் பணம் கொடுக்கிறது என்றால், ஒரே பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. முதலாவது, பங்கு முதல். இரண்டாவது, கடன். பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், ஆர்.இ.சி. ஆகிய பொதுத்துறை நிறுவனங்களும் அரசு வங்கிகளும் இதில் முன்னே நிற்பவை. ஆர்.இ.சி. என்பது 1969-இல் கிராமங்களுக்கும் பம்புசெட்டுகளுக்கும் மின் இணைப்புக் கொடுக்கத் தோன்றிய கிராம மின்மயமாக்கல் கழகமேயாகும். ஆயுள் காப்பீட்டுக் கழகத்திடம் கோல் இந்தியா, என்.டி.பி.சி. ஆகியவற்றின் பங்குகள் உள்ளன. ஆகவே என் தந்தையார் அறுவடைக்கு அறுவடை சேர்த்து வைத்துக் கட்டும் பாலிசித் தொகையிலும் நிலக்கரி வாசனை உண்டு!

மூன்றாவது வழிதான் பலருக்குத் தெரியாதது. எனக்கும் அண்மையில்தான் தெரிந்தது. மின்நிலையம் கட்டுமுன்பே, மாநில மின்துறைகள் 25 ஆண்டுகளுக்கு வாங்கிக் கொள்வதாகக் கையெழுத்திடுகின்றன. விலை இரு பகுதியாக இருக்கும். எரித்த கரிக்கு ஒரு விலை. எரித்தாலும் எரிக்காவிட்டாலும், நிலையம் ஆயத்தமாக நின்றதற்காக நிலைக்கட்டணம் என்றொரு விலை. அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் கடனே கிடைக்கிறது. கையெழுத்திட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விடுவார். கட்டணத்தை அவர் பேரப்பிள்ளைகள் கட்டுவார்கள்.

பாகூர்ச் செப்பேடுகளைப் பற்றி வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதி வைத்த சாசனம் அது. எந்த ஊரின் வருவாய் எதற்குப் போகிறது என்று செம்பில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்குப் பின் நமக்கு நம் மின்கட்டணத்தின் பின்பக்கத்தைக்கூடப் படிக்க நேரமில்லை.

சம்பூரில் நடந்தது

இந்தியப் பொதுப்பணம் நாட்டின் எல்லையோடு நிற்பதும் இல்லை. வங்காளதேசத்தில் சுந்தரவனக் காடுகளுக்கு அருகே ராம்பால் என்னுமிடத்தில் 1,320 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று இருக்கிறது. நம் என்.டி.பி.சி.யும் அந்நாட்டு மின்வாரியமும் சரிபாதிக் கூட்டு. அதற்கு இந்திய அரசின் எக்ஸிம் வங்கி 160 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2022-இல் முதற்பொறி தொடங்கி வைக்கப்பட்டது. கடல் உயர்ந்தால் முதலில் இழக்கப் போகும் நாடுகளின் வரிசையில் நிற்கும் ஒரு நாட்டில், அதிலும் அதன் தாழ்ந்த கரையோரத்தில்!

இலங்கையின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் சீன எக்ஸிம் வங்கியின் கடனில் எழுந்த 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2011 முதல் ஓடுகிறது. இரண்டாவதாக ஒன்றைக் கட்ட வந்தது இந்தியா. திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்கு அருகே, கொட்டியாரக் குடாவின் கரையில் சம்பூர். 2006-இல் போரினால் அவ்வூர்த் தமிழர்கள் ஓடினார்கள். அதே ஆண்டின் இறுதியில் என்.டி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் 500 மெகாவாட் நிலக்கரி நிலையத்துக்கு உடன்படிக்கை செய்தன. ஊரார் அகதி முகாமில் இருக்க, ஊர் திட்டப்பகுதியாயிற்று. 2015-க்குப் பிறகே நிலங்கள் கட்டம் கட்டமாகத் திரும்பக் கிடைத்தன. குடாவின் நீர் சூடாகி மீன்வளம் கெடும், சாம்பல் படியும் என்று மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள்; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2016 செப்டம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப் போவதில்லை என்று இலங்கை அரசே நீதிமன்றத்தில் தெரிவித்தது.

கதை அதோடு முடியவில்லை. 2025 ஏப்ரல் 5-ஆம் நாள் இந்தியப் பிரதமரும் இலங்கைக் குடியரசுத் தலைவரும் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையப் பணியைத் தொடங்கி வைத்தார்கள். கட்டுபவர்கள் அதே இரு அரசு நிறுவனங்கள். அளவு சிறிதுதான், சூரியன் இரவில் வேலை செய்யாது என்பதும் உண்மைதான். ஆயினும் ஒரே இடத்தில், ஒரே கூட்டில், நிலக்கரிக்கு வந்த பொதுப்பணம் திசை திரும்ப முடியும் என்பதற்குக் கண்ணெதிரே இருக்கும் சான்று இது. நெய்வேலிக் கழகமே 2020-இல் அந்தமானில் போர்ட் பிளேர் அருகே 20 மெகாவாட் சூரிய நிலையத்தை மின்கலச் சேமிப்போடு அமைத்திருக்கிறது. டீசலை நம்பியிருந்த தீவு அது. பழுப்பு நிலக்கரியை வெட்டப் பிறந்த கழகம் ஒரு தீவில் வெயிலை அறுவடை செய்கிறது என்றால், தெரியாத தொழில் என்று இனிச் சொல்வதற்கில்லை.

நம் தரப்பு நியாயம்

மைக்ரோனேசியாவின் கடிதம் நமக்கு வந்தால் எழுத நல்ல மறுமொழி ஒன்று உண்டு. இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கர் ஒருவருடையது 14 டன் அளவு. இருநூறு ஆண்டுகளாகக் கரியை எரித்து வளர்ந்தவர்கள் அவர்கள். உலக வங்கி 1977-இல் நம் சிங்ரௌலி நிலக்கரி மின்நிலையத்துக்குக் கடன் கொடுத்தது. 2010-இல்கூடத் தென்னாப்பிரிக்காவில் ஒரு பெரும் நிலக்கரி நிலையத்துக்காக 375 கோடி டாலர் கொடுத்தது. 2013-இல் திடீரென்று இனி நிலக்கரிக்கு அரிதாகவே கடன் என்றது. தாம் ஏறிய ஏணியை எட்டி உதைப்பது போன்றது இது என்று நம் பொருளியல் ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த மறுமொழியைத் துவாலுக்காரரிடம் சொல்ல முடியுமா என்று எண்ணிப் பார்த்தேன். அவர் நம்மைவிடக் குறைவாக எரித்தவர். அமெரிக்காவிடம் நாம் சொல்லும் அதே சொற்களை அவர் நம்மிடம் சொல்லலாம். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் நிலக்கரியைப் "படிப்படியாக ஒழிப்பது" என்ற வாசகத்தைப் "படிப்படியாகக் குறைப்பது" என்று மாற்றச் சொன்னது இந்தியா. கடைசி மணி நேரத்தில் அது மாறியபோது எழுந்து வருத்தம் தெரிவித்தவர்களில் மார்ஷல் தீவுகள், ஃபிஜி, மாலத்தீவு ஆகியோர் இருந்தார்கள். பணக்கார நாடுகளின் கடமை பெரிது என்பதால் நம் கடமை இல்லையென்று ஆகிவிடாது. இதில் நம் அரசின் வாதத்தில் பாதியையே நான் ஏற்கிறேன்.

மாணவர்கள் தொடுத்தது

2019-இல் வனுவாட்டு நாட்டில், தென் பசிபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 27 பேர் வகுப்பறையில் ஒரு யோசனை செய்தார்கள். பருவநிலை குறித்து நாடுகளுக்கு உள்ள சட்டக் கடமை யாது என்று உலக நீதிமன்றத்தையே கேட்டால் என்ன? நம்மைப் போன்ற மாணவர்கள்தாம். கையில் பணமோ பதவியோ இல்லை. அவர்கள் தங்கள் அரசை இணங்க வைத்தார்கள். அரசு மற்ற நாடுகளை இணங்க வைத்தது. 2023 மார்ச் 29-ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2024 டிசம்பரில் ஹேக் நகரில் விசாரணை. இந்தியாவும் அங்கு வாதிட்டது. வளர்ந்த நாடுகளே பெரும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றது.

2025 ஜூலை 23-ஆம் நாள் நீதிமன்றம் தன் கருத்துரையை வழங்கியது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை உற்பத்தி செய்தல், பயன்படுத்தல், தேடுவதற்கு உரிமம் வழங்கல், அவற்றுக்கு மானியம் கொடுத்தல் ஆகியவற்றில் தக்க நடவடிக்கை எடுக்கத் தவறுவது சர்வதேசச் சட்டப்படி தவறாகலாம் என்பது அதன் சாரம். கருத்துரை என்பதால் தீர்ப்பைப் போல் யாரையும் நேரே கட்டுப்படுத்தாது. ஆனால் பொதுப்பணம் என்ற சொல் முதன்முறையாக அந்த மேடையில் கூண்டேறி நின்றது. 2009-இல் தனியொரு நாடு பிராக் நகருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதினாறு ஆண்டு கழித்து வந்த துணை இது.

நூறு மெகாவாட்

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-இல் பிறந்து 2020-இல் நிறுத்தப்பட்டது. 58 ஆண்டுகள்! அது தொடங்கியபோது கரியமில வாயுவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அன்றைய இந்தியாவுக்கு வேறு வழியும் இல்லை. அதன் மேல் எனக்குக் குறையில்லை. நான் கேட்பது இனி கட்டப் போவதைப் பற்றி.

ஒடிசா மாநிலம் தாலபிராவில் நெய்வேலிக் கழகம் 2,400 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டுகிறது. 2024 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 27,000 கோடி ரூபாய்க்கு மேல். அதன் மின்சாரத்தில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக்கு. நம் புதுச்சேரிக்கு 100 மெகாவாட். முதல் நெய்வேலி நிலையத்தைப் போல் இதுவும் 58 ஆண்டு ஓடினால் 2080-களில்தான் நிற்கும். இந்தியா தன் நிகர வெளியீட்டைச் சுழியாக்குவதாக உலகுக்குச் சொல்லியிருப்பதோ 2070. ஆக, ஒன்று அந்நிலையம் பாதியில் மூடப்பட வேண்டும், அல்லது வாக்குறுதி தவற வேண்டும். முன்னது நடந்தால் கட்டி முடிக்காத கடனை யார் கட்டுவது? பின்னது நடந்தால் துவாலுவுக்கு யார் மறுமொழி சொல்வது?

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்த நீர் தென்பெண்ணையில் இரவோடு இரவாக வந்து சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கமெல்லாம் புகுந்தது. மாடுகளை அவிழ்த்துவிடக்கூட நேரமில்லாமல் போனவர்களை அறிவேன். ஒரு புயலை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று எங்கள் பாடம் சொல்கிறது, அதை மதிக்கிறேன். ஆயினும் சூடான கடல் புயலுக்கு மிகுதியான ஈரத்தைக் கொடுக்கும் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. கடிதம் எழுதுபவர், கடிதம் பெறுபவர் ஆகிய இரண்டு இடத்திலும் பாகூர்க்காரன் நிற்கிறான்.

ஆண்டுதோறும் மின்கட்டணத்தை நிர்ணயிக்குமுன் இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதுச்சேரியில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் போகலாம், எழுதியும் கொடுக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு நான் எழுதி வைத்திருப்பவை மூன்று கேள்விகள். அந்த நூறு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு நிலைக்கட்டணம், எத்தனை ஆண்டுகளுக்கு? கையெழுத்திடுமுன், அதே அளவு மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்தும் மின்கலச் சேமிப்பிலிருந்தும் பெற என்ன விலையாகும் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்களா? நிலையம் காலத்துக்கு முன் மூடப்பட்டால் மிச்சக் கடன் எந்தக் கணக்கில் ஏறும்? மைக்ரோனேசியாவைப் பற்றிய நான்காவது கேள்வி ஒன்றையும் எழுதியிருந்தேன். அது ஆணையத்தின் அதிகாரத்துக்கு வெளியே என்று சொல்லிவிடுவார்கள் என்று எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் சொன்னார். சொல்லட்டும் என்று அதையும் அடியில் சேர்த்திருக்கிறேன்.